13,400 கிலோமீட்டருக்கு 21½ மணி நேரமா?

கேள்வி: ஐயா, பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயது 67, ஊர் கும்பகோணம். டொராண்டோவில் இருக்கும் மகளுக்கு ஜூலை கடைசியில் பிரசவம். நானும் மனைவியும் ஜூலையில் போய் ஜனவரியில் திரும்புவதாக இருக்கிறோம். அவருக்கு 62 வயது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார், முழங்கால் வலியும் உண்டு. சென்னைக்கும் டொராண்டோவுக்கும் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் பார்த்தால் ஓர் இடத்தில் 13,388 கி.மீ., இன்னோர் இடத்தில் 8,320 மைல், மற்றோர் இடத்தில் 7,230 மைல் என்று இருக்கிறது. பயண நேரம் 15 மணி 23 நிமிடமாம். டிராவல்ஸ்காரர் கொடுத்த சீட்டில் போக 21½ மணி, திரும்ப 19 மணி. கணக்கு உதைக்கிறது. கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் எங்கே போனது? போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஏன்? திரும்பும் நேரத்தை நானே கணக்குப் போட்டால் 20 மணி வருகிறதே, அது எப்படி? டிராவல்ஸில் மூன்று வழி சொல்கிறார்கள். துபாய் வழி ஒரே டிக்கெட், நடுவில் 3 மணி 10 நிமிடம். ஃபிராங்க்ஃபர்ட் வழி ஒரே டிக்கெட், நடுவில் 1 மணி 10 நிமிடம், மொத்தம் 19 மணி 40 நிமிடம். மூன்றாவது, திருச்சியிலிருந்து துபாய்க்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து டொராண்டோவுக்கு வேறு கம்பெனியில் தனி டிக்கெட். இதில் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து 22,000 ரூபாய் மிச்சம். எதை எடுக்கலாம்?

பதில்: வணக்கம் ஐயா. பேரப்பிள்ளை வரப்போகிறது, முதலில் அதற்கு என் வாழ்த்து.

விமானம் கிளம்புவதற்கு முன்னால் அது எந்த வழியில் போக வேண்டும், எந்த உயரத்தில் பறக்க வேண்டும், எவ்வளவு எரிபொருள் ஏற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டு விமானியின் கையில் தாளைக் கொடுக்கும் வேலையில் இருந்தவன் நான். டிஸ்பாட்சர் என்பார்கள். நீங்கள் கேட்டிருக்கும் ஆறு மணி நேரத்தைத் தினமும் தேடிப் பிடிப்பதுதான் எங்கள் வேலையே. அதனால் கணக்கை முழுசாகவே சொல்லிவிடுகிறேன். டிக்கெட் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், ஏனென்றால் கணக்கு புரிந்துவிட்டால் எந்த டிக்கெட் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

நீங்கள் பார்த்த மூன்று தூரமும் ஒன்றுதான். 13,388 கிலோமீட்டரைச் சாதாரண மைலில் சொன்னால் 8,320 சொச்சம். வானிலும் கடலிலும் புழங்கும் மைல் வேறு, அது 1.852 கிலோமீட்டர். அந்த மைலில் 7,230. இணையதளத்துக்கு இணையதளம் பத்து இருபது கிலோமீட்டர் வித்தியாசம் வந்தாலும் கவலைப்பட வேண்டாம். பூமியைச் சரியான உருண்டையாக வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு, துருவத்தில் கொஞ்சம் தட்டையாக இருப்பதைச் சேர்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. 13,400 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 15 மணி 23 நிமிடம் எப்படி வந்தது தெரியுமா? விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்து 13,388-ஐ 900-ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் கூட்டிவிட்டார்கள். காற்றே இல்லாத வானத்தில், எந்த நாடும் வழி மறிக்காமல், சென்னையில் ஏறி நேரே டொராண்டோவில் இறங்கினால் ஆகும் நேரம் அது. அப்படி ஒரு விமானம் சென்னையிலிருந்து கிடையாது. இத்தனைக்கும் அவ்வளவு தூரம் நிற்காமல் பறக்கக்கூடிய விமானங்கள் இருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு ஏறக்குறைய 15,300 கிலோமீட்டரை ஒரே மூச்சில் பறக்கிறார்கள், 18 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சென்னை–டொராண்டோவுக்குத் தடை இன்ஜின் இல்லை. வருஷம் முழுக்க ஒரு பெரிய விமானத்தை அந்த வழியில் நிரப்ப முடியுமா என்பதும், வழியில் எந்தெந்த நாட்டு வானம் திறந்திருக்கிறது என்பதும்தான்.

வழி என்றதும் நீங்கள் சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்திருப்பீர்கள். கணக்கு வாத்தியார் ஆயிற்றே. ஸ்கேல் கோடு அரபிக்கடல், அரேபியா, வட ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று போகும். அந்தக் கோட்டில் திசை மாறாமல் பறந்தால் ஏறக்குறைய 15,700 கிலோமீட்டர். நிஜமான குறுக்குவழியைவிட 2,300 கிலோமீட்டர் கூடுதல். பழைய பள்ளிக்கூடத்தில் ஒரு உலக உருண்டை கிடைத்தால் வாங்கி வாருங்கள். ஒரு நூலின் முனையைச் சென்னையில் வைத்து, மறுமுனையை டொராண்டோவில் வைத்து, இறுக்கிப் பிடியுங்கள். நூல் மேற்கே போகாது. கிட்டத்தட்ட நேர் வடக்கே, டெல்லிக்குக் கொஞ்சம் மேற்கே ஒட்டிக்கொண்டு ஏறும். மத்திய ஆசியா, ரஷ்யா, ஆர்க்டிக் கடல் என்று போய், நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவில் வடக்கே 73½ டிகிரியைத் தொட்டு, கிரீன்லாந்தைக் கடந்து கனடாவுக்குள் இறங்கும். சென்னை இருக்கும் அட்சரேகையில் தீர்க்கரேகை ஒரு டிகிரி தாண்ட 108 கிலோமீட்டர் போக வேண்டும். 73-வது டிகிரியில் வெறும் 32 போதும். 160 டிகிரி தாண்ட வேண்டியவன் எந்த இடத்தில் தாண்டுவான் சொல்லுங்கள்.

அந்த நூலை அப்படியே பிடித்துக்கொண்டு இன்னொன்றையும் பாருங்கள். சென்னையிலிருந்து டெல்லி போய் அங்கிருந்து டொராண்டோ போனாலும் மொத்தம் அதே 13,400தான். டெல்லி ஏறக்குறைய கோட்டின் மேலேயே இருக்கிறது. துபாய் வழியாகப் போனால் 14,000. ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் 13,940. வரைபடத்தில் துபாய் எங்கேயோ, ஃபிராங்க்ஃபர்ட் எங்கேயோ. ஆனால் உங்கள் பயணத்தில் இரண்டுக்கும் 60 கிலோமீட்டர்கூட வித்தியாசம் நிற்காது, நாலு நிமிடப் பறப்பு. "சுத்திக்கிட்டுப் போறாங்க" என்று நினைத்து யாரும் துபாயையோ ஐரோப்பாவையோ ஒதுக்க வேண்டியதில்லை. 600 கிலோமீட்டர் கூடுவதால் போகிற நேரம் 40 நிமிடம், அவ்வளவுதான். உங்கள் ஆறு மணியில் 40 நிமிடத்தைக் கண்டுபிடித்தாயிற்று.

அடுத்தது காற்று. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், போகவும் வரவும் நேரம் மாறுவதற்குக் காரணம் இதுதான்.

நாங்கள் விமானிக்குக் கொடுக்கும் தாளில் வழிநெடுக இருக்கும் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஐந்தெழுத்தில் ஒரு பெயர், பெரும்பாலும் எந்த மொழியிலும் அர்த்தமில்லாத பெயர். பக்கத்தில் உயரம், வெளியே இருக்கும் வெப்பநிலை, அந்த இடத்தில் மீதமிருக்க வேண்டிய எரிபொருள். இவற்றுக்கு நடுவில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் எம் 022 என்றோ பி 028 என்றோ போட்டிருக்கும். எம் என்றால் மைனஸ், எதிர்க்காற்று. பி என்றால் பிளஸ், பின்காற்று. கையில் தாள் வந்ததும் என் கண் முதலில் அங்கேதான் போகும். அந்த ஒரு எண்ணைப் பார்த்தால் அன்றைய எரிபொருள் ஏறக்குறைய எவ்வளவு என்று மனசுக்குள் வந்துவிடும்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறு மாதிரி காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். இதை முதலில் முறையாக அளந்தவர் ஜப்பானின் வசபுரோ ஓயிஷி. 1920-களில் பலூன் பறக்கவிட்டு அளந்து எழுதி வைத்தார். உலகம் முழுக்க வாசிக்கட்டும் என்று, எல்லா நாட்டுக்கும் பொதுவாக இருக்கட்டுமென உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அந்த மொழி தெரிந்தவர்கள் குறைவு, அதனால் வெளியுலகம் அதைக் கவனிக்கவில்லை. அவ்வளவு அருமையாக அளந்த ஒரு மனிதருடைய உழைப்பு யார் கண்ணிலும் படாமல் கிடந்ததே என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

இந்தக் காற்றின் வேகம் குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் சமயத்தில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஜம்போ விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அதே லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மேற்கே போக ஏழெட்டு மணி நேரம் ஆகும்.

உங்கள் பயணத்துக்கு வருவோம். துபாய்–டொராண்டோ 11,080 கிலோமீட்டர். மாதிரிக்கு, போகும்போது வழி முழுவதற்கும் சராசரி எம் 022 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது மணிக்கு 22 வான்மைல், முன்னால் சொன்ன அந்த 1.852 கிலோமீட்டர் மைல். அது சுமார் 40 கிலோமீட்டர். 900-இல் 40 போக 860. வகுத்தால் 12 மணி 53 நிமிடம். ஜனவரியில் திரும்பும்போது சராசரி பி 028 என்றால் 52 கிலோமீட்டர் கூடும், 952. வகுத்தால் 11 மணி 38 நிமிடம். அதே விமானம், அதே தூரம், ஒன்றேகால் மணி வித்தியாசம். உங்கள் சீட்டில் இந்தப் பறப்புக்குப் போக 14 மணி, திரும்ப 12 மணி 50 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். இரண்டிலும் நம் கணக்கைவிட ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் கூடுதலாக இருக்கிறது பாருங்கள். அதற்கும் காரணம் உண்டு.

டிக்கெட்டில் இருப்பது வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் கிடையாது. விமானம் தன் இடத்தை விட்டு நகரத் தொடங்கும் நிமிடத்திலிருந்து, போய்ச் சேர்ந்து தன் இடத்தில் நிற்கும் நிமிடம் வரைக்குமான நேரம் அது. ஓடுபாதைக்குப் போக வரிசையில் நிற்பது, ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாகப் போவது, இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். ஒரு விமானத்துக்குப் பதில் இரண்டு விமானம் என்றால் இவை எல்லாமே இரண்டு தடவை. போதாக்குறைக்கு, உருண்டையில் நூல் பிடித்த கோட்டில் யாரும் அப்படியே பறக்க முடியாது.

ஏன் முடியாது? வானத்துக்கும் சொந்தக்காரர் உண்டு. 1944-இல் சிகாகோவில் நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தத்தின் முதல் விதியே, தன் மண்ணுக்கு மேலே இருக்கும் வானம் முழுக்க அந்தந்த நாட்டுக்கே உரிமை என்பதுதான். கதவை மூடினால் மூடியதுதான். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பாவும் கனடாவும் ரஷ்ய விமானங்களுக்கு வானத்தை மூடின, ரஷ்யா பதிலுக்கு மூடியது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பது மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த பின்லாந்து விமானம் வட துருவத்தைச் சுற்றிக்கொண்டு 13 மணி நேரம் பறக்க ஆரம்பித்தது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து அமெரிக்கா, கனடா போகும் ஏர் இந்தியா விமானங்களில் சில வழியில் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போக வேண்டி வந்தது.

இதில் நம் ஆட்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. மூடிய வானம் எல்லோருக்கும் மூடியதில்லை. விமானம் எந்த நாட்டுக் கம்பெனி என்பதைப் பொறுத்தது. ஒரே நாள், அதே இரண்டு விமான நிலையம், ஆனால் இந்தியக் கம்பெனிக்கு ஒரு வழி, கனடாக் கம்பெனிக்கு இன்னொரு வழி, வளைகுடாக் கம்பெனிக்கு வேறொரு வழி. டெல்லி கோட்டின் மேலே இருக்கிறதே, அந்த வழியில் போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. டிக்கெட் எடுக்கும் வாரத்தில் எந்தக் கம்பெனி, நிற்காமல் போகிறதா, வழியில் எரிபொருளுக்கு இறங்குகிறதா என்று டிராவல்ஸ்காரரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சரி, உங்கள் ஆறு மணியைக் கூட்டிப் பார்ப்போம். துபாயில் உட்கார்ந்திருப்பது 3 மணி 10 நிமிடம். கூடுதல் தூரம் 40 நிமிடம். எதிர்க்காற்று சுமார் 35 நிமிடம். இதுவே 4 மணி 25 நிமிடம். மீதி ஒன்றே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. அது இரண்டாவது தடவை ஏறி இறங்குவதிலும், தரையில் ஊர்வதிலும், வழி வளைவதிலும் போகிறது. ஆக உங்கள் ஆறு மணியில் பாதிக்கு மேல் தின்பது நடுவில் காத்திருப்பதுதான். தூரம் தின்பது துளி. அதனால்தான் யார் என்னிடம் வந்து எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டாலும், நடுவில் எத்தனை மணி நேரம், எத்தனை டிக்கெட் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

திரும்பும் கணக்கில் ஒரு மணி நேரம் இடித்ததே, அது உங்கள் தப்பு இல்லை. போகும்போது புதன் அதிகாலை 4 மணிக்குச் சென்னையில் ஏறி, அதே புதன் மாலை 4 மணிக்கு டொராண்டோவில் இறங்குகிறீர்கள். கடிகாரத்தில் 12 மணி நேரம், ஜூலையில் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் 9½ மணி, கூட்டினால் 21½. சரியாகப் போட்டிருக்கிறீர்கள். திரும்பும்போது திங்கள் இரவு 10 மணிக்குக் கிளம்பி புதன் அதிகாலை 3½ மணிக்கு வருகிறீர்கள். கடிகாரத்தில் 29½ மணி. அதில் நீங்கள் 9½ கழித்து 20 என்று போட்டிருக்கிறீர்கள். ஆனால் அங்கே நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை அப்படித்தான். ஜனவரியில் வித்தியாசம் 10½. கழித்துப் பாருங்கள், 19 வரும். மகளிடம் போனில் பேசும் நேரத்துக்கும் இது பொருந்தும்.

இப்போது டிக்கெட்.

மூன்றாவது வழியை விட்டுவிடுங்கள் ஐயா. கும்பகோணத்துக்குத் திருச்சி பக்கம், 22,000 ரூபாய் சின்னத் தொகையும் இல்லை, ஆசை வருவது நியாயம். ஆனால் இரண்டு தனி டிக்கெட் என்றால் முதல் கம்பெனிக்கு உங்கள் பயணம் துபாயோடு முடிந்தது, இரண்டாவது கம்பெனிக்கு உங்கள் பயணம் துபாயில்தான் தொடங்குகிறது. நடுவில் நடப்பது யாருடைய பொறுப்பும் இல்லை. பெட்டியை நீங்களே எடுத்து, அந்த நாட்டுக்குள் நுழைந்து, மறுபடி கொடுக்க வேண்டிவரும். அந்த நாட்டு விசா விதி அங்கே குறுக்கே வரும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் வீண்.

என் சித்தி ஒருவர் இப்படித்தான் இரண்டு டிக்கெட்டில் போனார். முதல் விமானம் இரண்டரை மணி நேரம் தாமதம். போய் இறங்கியபோது அடுத்த விமானத்தின் வாசல் கதவு மூடியாயிற்று. கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாராம், "உங்களுக்கு எங்களிடம் வேறு ஏற்பாடு இல்லை" என்று. எழுபது வயது மனுஷி, கையில் ஒரு துணிப்பையோடு விடிய விடிய இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் அவர் மிச்சம் பிடித்ததைப் போல மூன்று மடங்கு. இந்த வேலையில் இருக்கும் நானே அவரிடம் முன்கூட்டிக் கேட்காமல் இருந்துவிட்டேன். இன்றைக்கும் அந்தத் துணிப்பை என் கண் முன்னால் வருகிறது.

2025 ஜூன் 23-ஆம் தேதி கத்தார் தன் வானத்தைச் சில மணி நேரம் மூடியபோது எத்தனையோ விமானங்கள் பாதி வழியில் திரும்பின. அப்படி ஒரு நாள் யாருக்கும் வரலாம். ஒரே டிக்கெட்டாக இருந்தால் உங்களைச் சேர வேண்டிய ஊரில் சேர்ப்பது கம்பெனியின் பொறுப்பு.

ஃபிராங்க்ஃபர்ட் வழியைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. உட்கார்ந்திருக்கும் நேரம் 10 மணி, அப்புறம் 8½ மணி என்று இரண்டாகப் பிரிகிறது. முழங்கால் வலி இருக்கும் அம்மாவுக்கு இது ரொம்ப நல்லது. துபாய் வழியில் இரண்டாவது விமானம் ஒரே மூச்சில் 14 மணி நேரம். ஆனால் அந்த 1 மணி 10 நிமிடத்தில்தான் சிக்கல். டிக்கெட் போடும் கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச மாறுதல் நேரம் என்று ஒன்று கொடுத்திருப்பார்கள். அதற்குமேல் ஐந்து நிமிடம் இருந்தாலும் விற்றுவிடும். அதற்கு உங்கள் வயது தெரியாது. சக்கர நாற்காலிக்குச் சொல்லியிருந்தால், எல்லோரும் இறங்கிய பிறகுதான் உங்களை இறக்குவார்கள், அதிலேயே இருபது முப்பது நிமிடம் போய்விடும். அப்புறம் மறுபடி பாதுகாப்புச் சோதனை, இன்னொரு பகுதிக்கு ரயிலோ பஸ்ஸோ. முதல் விமானம் அரை மணி தாமதம் என்றால் கதை முடிந்தது.

ஆகவே டிராவல்ஸ்காரரிடம் ஒன்று கேளுங்கள்: ஐரோப்பா வழியில், ஒரே டிக்கெட்டில், நடுவில் இரண்டரையிலிருந்து நாலு மணி நேரம் வருகிற மாதிரி இருக்கிறதா? ஃபிராங்க்ஃபர்ட்டே வேண்டும் என்பதில்லை. சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் இருக்கிறது, அங்கிருந்து டொராண்டோ எட்டு மணி நேரம், தூரமும் அதே 13,940தான். எந்த ஊராக இருந்தாலும் மாறிப் போக விசா வேண்டுமா என்பதை, கனடா விசா ஒட்டிய உங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் உங்கள் இருவருக்கும் அதுதான் என் முதல் யோசனை, ரெண்டாயிரம் மூவாயிரம் கூட ஆனாலும். கிடைக்கவில்லையென்றால் துபாய் வழி டிக்கெட்டைத் தயங்காமல் எடுங்கள். போகும்போது 3 மணி 10 நிமிடம் தாராளம். திரும்பும்போது 2 மணி 15 நிமிடம் என்று வருகிறது, சக்கர நாற்காலியோடு அதுவும் போதும்.

சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே எழுதச் சொல்லுங்கள். அதற்குக் காசு கிடையாது. நடக்க முடிகிறவருக்கு எதற்கு என்று அம்மா கூச்சப்படலாம். பெரிய விமான நிலையத்தில் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேலும் நடக்க வேண்டிவரும் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்வார்.

இன்சுலின் விஷயத்தில் நான் மருத்துவர் இல்லை, ஆனால் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும். மேற்கே போகும் அன்றைக்கு உங்கள் நாள் 33½ மணி நேரமாக நீளும், திரும்பும் அன்றைக்குக் குறுகும். டிக்கெட்டை அவரிடம் காட்டி, எந்த இந்திய நேரத்துக்கு எவ்வளவு ஊசி, எப்போது சாப்பாடு என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். போய்ச் சேரும்வரை கைக்கடிகாரத்தை மாற்றாதீர்கள். இந்திய நேரத்திலேயே ஓடட்டும், அந்தத் தாளைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். ஊசி, மருந்து, மருத்துவரின் மருந்துச் சீட்டு எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் போட்டு, பெட்டி ஒரு நாள் தவறினால் என்ன செய்வீர்கள்? இன்சுலினுக்கு உறைகிற குளிரும் ஆகாது. மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் கணுக்காலையாவது சுழற்றட்டும். ஓரத்து இருக்கை அதற்கு வசதி.

கிளம்பும் நேரத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். அதிகாலை 4 மணி விமானத்துக்கு நள்ளிரவு ஒரு மணிக்கு மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். கும்பகோணத்திலிருந்து காரில் ஆறு மணி நேரம். வீட்டு வாசலிலிருந்து மகள் வீட்டு வாசல் வரைக்கும் கூட்டினால் உங்கள் 21½ மணி 32 மணி நேரமாகிவிடும். முதல் நாள் காலையிலேயே சென்னைக்கு வந்து, சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ பகலில் நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள்.

துபாய் வழி அமைந்தால் இன்னொன்று. காலை 10 மணிக்கு அங்கே கிளம்பி மாலை 4 மணிக்கு டொராண்டோவில் இறங்குவதால், 14 மணி நேரமும் பகல். சூரியனைத் துரத்திக்கொண்டே போவீர்கள். அம்மாவுக்குக் கண்ணை மறைக்கும் துணி ஒன்று வாங்கிக் கொடுங்கள், இல்லையென்றால் தூக்கம் வராது. நீங்கள் வலது பக்க ஜன்னலோரம் கேட்டு வாங்குங்கள். அன்றைய காற்றைப் பார்த்து வழி கொஞ்சம் மேலே கீழே மாறும். ஆனால் நூல் பிடித்த கோடு ஐஸ்லாந்துக்குத் தெற்கே போய், கிரீன்லாந்தின் தெற்கு முனையை உரசிக்கொண்டுதான் போகிறது. கிளம்பி எட்டு, ஒன்பது மணி நேரம் ஆனதும் முன்னால் இருக்கும் திரையைப் பார்த்துக்கொண்டிருங்கள். மேகம் இல்லாவிட்டால், கறுத்த மலைகளுக்கு நடுவிலிருந்து பனி ஆறு கடலில் இறங்குவதும், உடைந்த பனிக்கட்டிகள் நீலத் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக மிதப்பதும் ஜூலையில் நன்றாகவே தெரியும்.